அத்தைக்கு ஒரு விலை, எனக்கு ஒரு விலை

என் மாமியார் முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். வக்கீல் கேட்டது, சாட்சி சொன்னது, நீதிபதி குறுக்கிட்டது என்று எல்லாவற்றையும் ஒரு வார்த்தை பிசகாமல் எழுதி, மாலைக்குள் தட்டச்சு செய்து வைத்துவிடுவார். அலுவலகத்தில் அவருக்கு ‘டேப்’ என்று பெயர். வீட்டிலும் அதே கதைதான். யாராவது வந்து, ‘அவர் ஏறக்குறைய இப்படிச் சொன்னார்’ என்று ஆரம்பித்தால், “ஏறக்குறைய வேணாம். என்ன சொன்னார்?” என்பார். கல்யாணமான புதிதில் எனக்கு இது பெரிய தலைவலியாக இருந்தது. நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். ஏறக்குறைய இல்லாமல் என் பிழைப்பு ஓடாது.

மாமனார் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அத்தை எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறார். தனி அடுப்பு, தனிப் படிக்கட்டு, பதினாலுக்குப் பதினொன்றில் ஓர் அறை. ஓய்வு பெற்ற மாதமே எங்களை மாடிக்குக் கூப்பிட்டு, நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கப்போவதாக அறிவித்தார். வேலையின் கடைசிப் பத்து வருடம், ஒலிப்பதிவு செய்த வாக்குமூலங்களைப் பஞ்சு பிய்ந்த ஹெட்போனில் கேட்டுக் கேட்டு அவருடைய இடது காதில் ஓயாத இரைச்சல் வந்திருந்தது. வைத்தியம் பார்த்து ஓரளவு குறைந்தது.

“இந்தக் காதுல பொய்தான் நிறைய ஊத்தியிருக்காங்க. இனிமே கொஞ்சம் கழுவிக்கிறேன்” என்றார்.

விலையைக் கேட்டதும் என் மனைவி வாயைப் பிளந்தாள். அந்தக் காசில் என் ஸ்கூல் கார் ஒன்றுக்கு நாலு டயரும் புதிதாக மாட்டி, இன்ஜினையும் பிரித்துச் சரிசெய்துவிடலாம். ஆனால் அத்தையின் காசு, அத்தையின் காது. நாங்கள் யார் சொல்ல?

எட்டு மாதம் அத்தை இதைப் படித்தார். நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டினார். தெரிந்தவர் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து கேட்டார். என்னை அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி, அறையை மூலைக்கு மூலை அளந்தார். எந்த ஜோடி என்று முடிவானதும், எப்படி வாங்குவது என்று ஒரு நோட்டு. வார நாளில், காலையில், கூட்டம் இல்லாதபோது போக வேண்டும். நமக்குப் பழக்கமான இசைத்தட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். முதலில் சொல்லும் விலைக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. விலையைக் குறைக்க மறுத்தால் ஸ்டாண்டைக் கேட்க வேண்டும், அதற்கும் மறுத்தால் கேபிளை. கடையில் போட்டுக் காட்டிய ஜோடி என்றால் அதற்குத் தனியாகக் குறைக்கச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் எனக்குப் படித்துக் காட்டுவார். நான் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுவேன். தள்ளுவண்டிக்காரரிடம் ஒருநாளும் பேரம் பேசாத மனுஷி அவர். வெயிலில் நிற்கிறவரிடம் என்ன பேரம் என்பார். கண்ணாடிக் கதவு போட்டுக் குளிர்சாதனம் ஓடுகிற கடைக்காரர்கள் சங்கதி வேறு என்பது அவர் கணக்கு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு அத்தை தனியாகப் போனார். கடைவீதியிலேயே பெரிய கடை அது. வாசலில் மிதியடியே மெத்தை மாதிரி இருக்கும். உள்ளே சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஓர் அறை, நடுவில் ஒரு சோபா. அங்கே நடந்ததை அத்தை வீடு திரும்பும்போது பஸ்ஸிலேயே குறிப்பெடுத்திருந்தார். அதை நான் பிற்பாடுதான் படித்தேன்.

கடைக்காரர் முதலில் கேட்டது, “சார் வரலையா?” சார் செத்து ஒன்பது வருஷம் ஆச்சு என்று அத்தை சொல்லியிருக்கிறார். உடனே அவர், உள்ளங்கை அகலத்தில் நீல விளக்கு எரிகிற ஒரு பெட்டியை எடுத்து வைத்து, பக்திப் பாட்டு கேட்க இதுவே போதும் என்றிருக்கிறார். அத்தை தனக்கு வேண்டிய ஜோடியின் பெயரைச் சொல்லி, போட்டுக் காட்டச் சொன்னார். அவர் எதையோ டமடமவென்று அலறவிட்டார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி, தன் தட்டைக் கொடுத்து, நாற்பது நிமிடம் கேட்டார் அத்தை. பிடித்துப்போனது. பேரத்தை ஆரம்பித்தார்.

விலையில் எவ்வளவு குறைப்பீர்கள்? குறையாது. ஸ்டாண்டாவது? கிடையாது. கேபிள்? அது தனி விலை. இதே ஜோடியைத்தானே ஆறு மாதமாகப் போட்டுக் காட்டுகிறீர்கள், இதையே எடுத்துக்கொண்டால்? அதுவும் அதே விலைதான். மொத்தக் காசையும் இன்றே கொடுத்தால்? ஆம்ப்ளிஃபயரையும் இங்கேயே வாங்கினால்? ஆறு தடவை கேட்டிருக்கிறார், ஆறு தடவையும் இல்லை. கடைசியில் கடைக்காரர் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த பலகையைக் காட்டினார். ‘எல்லோருக்கும் ஒரே விலை.’ “ஒத்தைக் காசு குறையாதும்மா. இதெல்லாம் நுணுக்கமான சமாச்சாரம். வீட்டுல ஆம்பளைங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க, வெவரமா சொல்றேன்.”

அத்தை வீட்டுக்கு வந்து, விலை குறையாதாம், பரவாயில்லை, எல்லோருக்கும் ஒரே விலை என்றால் அது நியாயம்தான் என்று எங்களிடம் சொன்னார். கூட ஆள் கூட்டி வரச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வாங்குவதாக இருந்தார். மரநிறத்தில் வேண்டும், அங்கே கறுப்புதான் இருந்தது, அந்தப் பக்கம் போனால் மரநிறம் வருமா என்று மட்டும் விசாரித்துவிட்டு வாருங்கள் என்று என்னிடம் சொன்னார்.

வியாழக்கிழமை நான் போனேன். எனக்கு ஸ்பீக்கருக்கும் சூட்கேஸுக்கும் வித்தியாசம் தெரியாது. உள்ளே நுழைந்ததும் நாற்காலி, காபி. சார் என்ன பண்றீங்க என்று விசாரிப்பு. நான் அந்த ஜோடியின் பெயரை, அத்தை எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துத்தான் படித்தேன். மரநிறம் வருமா என்று கேட்டேன். வரும் சார், என்றார். நான் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவராகவே சொன்னார்: “உங்களுக்குன்னா பன்னெண்டு பர்சென்ட் போட்டுத் தர்றேன் சார்.” பழக்க தோஷத்தில் நான், “அவ்வளவுதானா?” என்றேன். டயர்க் கடையிலும் அதைத்தான் சொல்வேன், பல் ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் சொல்வேன். அவர் சிரித்துவிட்டு, பதினெட்டு, ஸ்டாண்ட் சும்மா என்றார். காபிகூட ஆறவில்லை.

அன்று சாப்பாட்டு மேஜையில் இதை நான் சொன்னேனே, அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. எட்டு மாதம் படித்த அத்தைக்கு ஒத்தைக் காசு குறையவில்லை, ஒன்றும் தெரியாத நான் பத்து நிமிடத்தில் பதினெட்டு வாங்கி வந்தேன் என்று மார்தட்டாத குறை. அத்தை கையைக் கழுவிக்கொண்டு மாடிக்குப் போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது கையில் நோட்டும் பென்சிலும் இருந்தன.

“மறுபடி சொல்லுங்க மாப்பிள்ளை. அவர் சொன்ன வார்த்தையிலேயே சொல்லுங்க.”

சொன்னேன். எத்தனை மணிக்கு? யார் யார் இருந்தார்கள்? பன்னிரண்டு என்று அவராகச் சொன்னாரா, நீங்கள் கேட்டுச் சொன்னாரா? பலகை மாட்டியிருந்ததா? மாட்டித்தான் இருந்தது. அதன் அடியில் உட்கார்ந்துதான் நான் காபி குடித்தேன். அத்தை எழுதி முடித்து, செவ்வாய்க்கிழமைக் குறிப்பை என் பக்கம் தள்ளினார். நான் அதைப் படித்தேன். வீட்டு ஆம்பளையைக் கூட்டி வரச் சொன்ன வரியை இரண்டு தடவை படித்தேன்.

என் மனைவிக்கு இதெல்லாம் வீண் வம்பு. “அப்ப நீங்களே போய் வாங்கிட்டு வந்துடுங்க. பதினெட்டு லாபம். விஷயம் முடிஞ்சுது” என்றாள். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது என்பதை மறைப்பானேன்.

அத்தை அவளைப் பார்த்துச் சொன்னார்: “எனக்குக் குறையாதுன்னு அவர் சொன்னாருடி. நான் நம்புனேன். பலகையில எழுதியிருந்ததை நம்புனேன். நீ லாபம்ங்கிற.”

சனிக்கிழமை அத்தையும் நானும் சேர்ந்து போனோம். நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. கடைக்காரருக்கு என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அத்தையை அடையாளம் தெரிந்து, அம்மா உங்க வீட்டுலதானா என்று என்னிடமே கேட்டார். பிறகு அத்தை எது கேட்டாலும் பதில் என்னைப் பார்த்தே வந்தது. மரநிறம் வந்துவிட்டதா என்று அத்தை கேட்டால், திங்கட்கிழமை வந்துடும் சார் என்று எனக்குச் சொன்னார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படி நிற்கும்போதுதான், செவ்வாய்க்கிழமை அத்தை தனியாக இங்கே எப்படி உட்கார்ந்திருப்பார் என்று எனக்கு உறைத்தது.

ஆம்ப்ளிஃபயர் பார்க்க ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கிற மாதிரி அத்தை நோட்டைத் திறந்து படிக்க ஆரம்பித்தார். குரலை உயர்த்தவில்லை. ஏற்ற இறக்கமே இல்லாத கோர்ட்டுக் குரல். செவ்வாய், காலை பதினொன்றரைக்குக் கேட்ட கேள்வி இது, சொன்ன பதில் இது. பதினொன்றே முக்காலுக்குக் கேட்டது இது, பதில் இது. ஆறு கேள்வி, ஆறு பதில், வீட்டு ஆம்பளையைக் கூட்டி வரச் சொன்னது வரைக்கும். பிறகு வியாழன், மாலை நாலரை. கேள்வி கிடையாது, பதில் பன்னிரண்டு. கேள்வி, ‘அவ்வளவுதானா’. பதில் பதினெட்டு, ஸ்டாண்ட் இலவசம். படித்துவிட்டு நிமிர்ந்தார்.

கடைக்காரர் முதலில் சிரித்தார். வந்திருந்த தம்பதி சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார். “அம்மா, இது வியாபாரம். கேக்குறவங்களுக்குக் குடுக்குறோம்” என்றார்.

“நான் ஆறு தடவை கேட்டேன். இவர் கேக்கவே இல்லை.”

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“சரிம்மா. எதுக்கு மனஸ்தாபம்? சாருக்குச் சொன்னதுக்கு மேல ரெண்டு சேத்து இருபதா போட்டுத் தர்றேன். ஸ்டாண்ட், கேபிள் ரெண்டும் எடுத்துக்கங்க.”

“அன்னிக்கு எனக்கு ஏன் இல்லைன்னு சொன்னீங்க? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. இருபது எல்லாம் அப்புறம்.”

கடைக்காரர் துணியை எடுத்து ஏதோ ஒரு பெட்டியின் மேலிருந்த தூசியைத் துடைத்தார். அங்கே தூசியே இல்லை. அத்தை காத்திருந்தார். சாட்சி வாய் திறக்கும்வரை பென்சிலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து பழகியவர். கடைசியில் கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. “உங்களுக்கு வேணுமா, வேணாமா?”

“வேணாம்” என்று சொல்லி அத்தை எழுந்தார்.

காரில் ஏறியதும் நான் வெடித்துவிட்டேன். இருபது பர்சென்ட்! ஸ்டாண்டு! கேபிளு! கைக்கு எட்டியதை உதறிவிட்டு வருகிறீர்களே அத்தை, ஜெயித்தது நீங்கள்தானே என்றேன். அத்தை சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்.

“எத்தனையோ சமரச ஒப்பந்தம் டைப் அடிச்சிருக்கேன் மாப்பிள்ளை. பாதிக்குப் பாதியில என்ன தப்பு நடந்துச்சுன்னு ஒரு வரிகூட இருக்காது. காசு குடுத்தாச்சு, கையெழுத்து போட்டாச்சுன்னு இருக்கும். டைப் அடிக்கிறப்பவே எனக்கு வயிறு எரியும். எனக்கே அப்படி ஒண்ணு வேணாம்.”

நான் விடவில்லை. கடைக்காரர் என்றால் ஆளைப் பார்த்துத்தான் விலை சொல்வார், உலகமே அப்படித்தான் என்றேன். அப்போதுதான் அவர் அதைக் கேட்டார்.

“உங்க ஸ்கூல்ல எப்படி மாப்பிள்ளை?”

சிக்னலில் பச்சை விழுந்தும் நான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். என் ஸ்கூலில் ஆண்களுக்குப் பதினைந்து வகுப்பு, பெண்களுக்கு இருபத்தைந்து. யார் வந்தாலும், ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே, பெண் என்றால் இருபத்தைந்துக்குத்தான் காசு. அவர்கள் பயப்படுவார்கள், நேரம் ஆகும் என்று நாங்களாகப் போட்ட கணக்கு. பதினோராவது வகுப்பிலேயே எட்டுப் போட்டுக் காட்டிய பெண்கள் உண்டு. பாக்கிக் காசை யாருக்கும் திருப்பிக் கொடுத்ததில்லை. அத்தைக்கு இது தெரியும். ஸ்கூலின் விலைப் பட்டியலைத் தட்டச்சு செய்து கொடுத்ததே அவர்தான். அன்று ஒன்றும் சொல்லவில்லை. சொன்னதைச் சொன்னபடி அடித்துக் கொடுத்தார்.

நான் உடனே திருந்திவிட்டேன் என்று சொன்னால் பொய். இரண்டு நாள் அத்தையின் மேல்தான் கோபமாக இருந்தேன். பிறகு இந்தக் கணக்கை மாற்றலாம் என்று ஸ்கூலில் என் கூட்டாளியிடம் பேசினேன். அவன் கூடாது என்றான். மூன்று மாதம் இழுத்தது. இப்போது எல்லோருக்கும் மூன்று வகுப்பு ஓட்டிப் பார்த்த பிறகுதான் எத்தனை என்று சொல்கிறோம். வருமானம் குறைந்தது. கூட்டாளி இன்னமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.

அத்தை ஸ்பீக்கரை வேறு கடையில் தேடினார், நானும் கூடப் போனேன். ஊரின் மறுகோடியில், மருந்துக் கடைக்கு மேலே, குறுகலான படி ஏறிப் போகிற ஒரு கடை. ஒரு காலத்தில் ரேடியோ பழுது பார்த்த மனிதர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருப்பவர். அத்தை விரும்பிய கம்பெனிச் சரக்கு அவரிடம் இல்லை. பெயரைக் கேட்டதும், அந்த மாடலையே நிறுத்தப் போகிறார்கள், கடைக்காரர்களுக்குக் கம்பெனி ஏற்கெனவே கால்வாசி விலை குறைத்துக் கொடுத்தாகிவிட்டது என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. முதல் கடைக்காரன் எனக்குத் தந்த பதினெட்டும் அவன் போட்ட தர்மமில்லை, கம்பெனி குறைத்ததில் ஒரு பங்கு! அவன் வீட்டுப் பணத்திலிருந்து ஒரு பைசா எனக்கு வரவில்லை. 

இவர் வேறொரு ஜோடியைப் போட்டுக் காட்டினார். அலங்காரமே இல்லாத பெட்டி. அத்தை ஒரு மணி நேரம் கேட்டார். இடையில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு பேரம் தொடங்கியது. நான் பார்த்த பேரங்களிலேயே அது அலாதி. அத்தை பதினைந்து கேட்டார்.

“பதினஞ்சு குடுத்தா நான் கடையைச் சாத்திட்டுக் கீழே மருந்துக் கடையில வேலை கேக்கணும். அஞ்சு தர்றேன். ஏன் அஞ்சுன்னு கேளுங்க, சொல்றேன்” என்றார் அவர்.

அத்தை கேட்டார். அவர் வாங்கிய விலை, வாடகை, வருடத்துக்கு எத்தனை ஜோடி போகிறது என்று எல்லாம் சொன்னார். அத்தை சுற்றிவந்து பார்த்து, ஒரு பெட்டியின் பின்முனை நசுங்கியிருப்பதைத் தொட்டுக் காட்டினார். அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, நியாயம்தான், ஏழு என்றார். ஒரு வாரம் வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றார் அத்தை. சரி, ஆனால் ஏற்றி இறக்கும் கூலி உங்களுடையது என்றார். இரண்டு பேரும் முகம் சிவக்க வாதாடினார்கள். இரண்டு பேருக்கும் அது பிடித்திருந்தது என்று எனக்குத் தோன்றியது. அத்தை நாளைக்குச் சொல்வதாகச் சொல்லி எழுந்தார்.

அடுத்த நாள் என் நண்பன் ஒருவனை அதே கடைக்கு அனுப்பச் சொன்னார். முன்பின் தெரியாதவனாகப் போய் அதே ஜோடியைக் கேட்க வேண்டும். அவனும் என்னைப் போலத்தான், வாய்ஜாலக்காரன். போய்விட்டு வந்து அலுத்துக்கொண்டான். அஞ்சுக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறார், நசுங்கின ஜோடிக்கு மட்டும்தான் ஏழாம், அதையும் நேற்று ஒரு அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறாராம், அவர்கள் வேண்டாம் என்றால்தான் எனக்காம் என்றான். அத்தை அன்றே காசைக் கட்டிவிட்டார்.

இரண்டாம் கடையில் கட்டிய காசு, முதல் கடைக்காரர் சொன்ன இருபது பர்சென்ட் கழித்த விலையைவிட இரண்டு டயர் விலை கூடுதல். ஸ்டாண்டுக்கும் கேபிளுக்கும் தனிக் காசு. என் மனைவி இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறாள். ஊர் சிரிக்கும் என்கிறாள். அத்தை மறுத்துப் பேசுவதில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் கேட்கிறார். யாரும் பேசாத இசை, வெறும் வாத்தியம். ஒருநாள் என்னையும் உட்கார வைத்தார். எனக்கு என்ன தெரியும்? ஆனால் வாசிக்கிறவர் வயலின் வில்லைத் தூக்குவதற்கு முன் மூச்சு இழுத்தது கேட்டது. யாரோ அறையில் இருக்கிறார் என்று திரும்பிப் பார்த்துவிட்டேன்.

முதல் கடையைப் பற்றி நுகர்வோர் குறைதீர் அலுவலகத்துக்கு அத்தை ஒரு மனு எழுதினார். நாலு மாதம் கழித்து மூன்று வரியில் பதில் வந்தது. விலை பேசுவது வாங்குபவர், விற்பவர் இருவருக்கு இடைப்பட்ட விஷயம், மனுதாரர் பொருளை வாங்கவே இல்லை என்பதால் அவருக்கு நஷ்டம் எதுவும் ஏற்படவில்லை, எனவே மனு முடித்து வைக்கப்படுகிறது. நஷ்டமே இல்லையாம். அந்தக் காகிதத்தைப் படித்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைக் கிழித்திருப்பேன். அத்தைதான் பிடுங்கிக்கொண்டார். நஷ்டம் பற்றி நான் கேட்கவில்லை, ‘எல்லோருக்கும் ஒரே விலை’ என்று பலகை மாட்டிவிட்டு ஆளுக்கொரு விலை சொன்னது பற்றித்தான் கேட்டேன், அதற்கு இவர்கள் பதில் சொல்லவில்லை என்று மேல்முறையீடு எழுதினார். எட்டுப் பக்கம். ஆம்ப்ளிஃபயர் வாங்க வந்திருந்த அந்தத் தம்பதியை எப்படியோ தேடிப் பிடித்து, அந்தப் பெண்ணிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார். அவர்களுக்கும் அன்று ஏதோ நடந்திருக்கிறது.

பலகை இன்னும் அங்கேதான் தொங்குகிறது. போன வாரம்கூட அந்த வழியாகப் போனபோது பார்த்தேன், புதிதாக வர்ணம் அடித்திருக்கிறார்கள். வரும் பதினேழாம் தேதி மேல்முறையீட்டு விசாரணை. அன்று காலை வகுப்பு எதுவும் இல்லை என்று மாணவர்களுக்குச் சொல்லிவிட்டேன்.